மூன்று பேருக்கான கூடாரம்

டொராண்டோவிலிருந்து வந்த பெட்டியில்
சாக்லேட் இல்லை, மேப்பிள் பாகு இல்லை.
பச்சை உறைக்குள் ஒரு கூடாரம்,
எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு ஆணி,
கரடிக்கு எட்டாமல் சோற்றைக் கட்டித் தொங்கவிட
முப்பது முழக் கயிறு.
எங்களுக்கு இனி வேண்டியதில்லை என்று
செண்பகா எழுதியிருந்தாள்.
வீட்டில் இடத்தை அடைக்குது போல, என்றார் ஆவுடை.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முலுண்டில் எங்கே போய் விரிப்பது?
டிசம்பர் சனிக்கிழமை, ஒன்பதாம் மாடிக்கும் மேலே
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவில்
பன்னிரண்டடிக்குப் பத்தடி வனம்.
மாடிச் சாவி கேட்டபோது செக்ரட்டரி சாவ்லா பாய்
என்ன விசேஷம் என்றார்.
கேம்பிங் என்றேன்.
பதிவேட்டில் பூஜை என்று எழுதிக்கொண்டார்.

கான்கிரீட்டில் ஆணி இறங்காது.
ஒரு மூலைக்கு இட்லி அரிசி மூட்டை,
ஒரு மூலைக்குத் தண்ணீர் நிரப்பிய பெயின்ட் வாளி,
மூன்றாவது வால்வுக் குழாயில்.
நாலாவதைப் பிடித்தபடி
அரைமணி நேரம் நின்றேன்.
யூடியூப் பார்த்துக் கம்பி கோர்த்த மனிதர்
இருமுறை உள்ளேயே மாட்டிக்கொண்டார்.
கடைசியில் மிருதுவின் பழைய சைக்கிள்
அந்த மூலைக்கு வாய்த்தது.

புளியோதரைத் தூக்கை ஆன்டெனாக் கம்பத்தில் ஏற்றினோம்.
கரடி வந்தா? என்றாள் மிருது.
கரடி இங்கே கிடையாதுடி.
சிறுத்தை உண்டு.
போன மாதம் பின்சுவர் மேல் அது நடந்து போனதை
கேமராவில் எல்லோரும் பார்த்தோம்,
சொசைட்டிக்குப் பாக்கி ஏதும் வைக்காதவர் நடையில்
அவசரமில்லாமல் போனது.

உள்ளே மூன்று பேரும் படுத்தால்
ஒருவர் புரள மற்ற இருவரும் புரள வேண்டும்.
துணியில் இன்னும் புகை வாசம்,
ஏதோ மரத்துப் பிசின்,
யாருடையதோ ஈரக் காலுறை.
பக்கப் பையில் கைவிட்ட மிருது
ஒரு காய்ந்த பைன் காயை எடுத்தாள்,
பிறகு நாலாய் மடித்த தாளை.

ஏரி முடிகிற இடத்தில் படகைத் தலைமேல் கவிழ்த்து
அடுத்த ஏரிவரை நடக்கணும்கா என்று
சிரித்துச் சிரித்துச் சொன்னாளே ஒருமுறை,
அந்த நடைக்கான பட்டியல்.
படகு: கிருபா.
கூடாரம், அரிசி: நான்.
தன் தலையணை: நிலன்.

கீழே வேறு மையில், வேறு வருஷம்.
படகு என்பதற்கு எதிரே கிருபாவை அடித்து, நான்.
கூடாரம்: நான்.
அரிசி: நான்.
ஓரத்தில் சின்னதாக, இரண்டு நடை.
அதையும் அடித்து, மூன்று.

பெரியம்மா ஏன் இவ்ளோ அடிச்சிருக்காங்க
என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.
ஆவுடை தாளை வாங்கி, டார்ச்சடியில்
வங்கிக் கணக்கைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்து
அதே மடிப்பில் மடித்துத் தந்தார்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தேன்.
அங்கே பிற்பகல் மூன்றரை.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
வலது ஓரம் மேலே ஒரு ஓட்டை இருக்கும்கா,
டேப் ஒட்டியிருக்கேன், மழை வருதா?
டிசம்பரில் இங்கே ஏதுடி மழை.
அது என்ன சத்தம்?
கல்யாண் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி.
இங்கே அந்த நேரத்துக்கு லூன் கத்தும்கா, என்றாள்,
பொம்பளை ஒருத்தி கூப்பிடற மாதிரியே.

கிருபாவைப் பற்றி அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கேட்டது இதைத்தான்:
எட்டாவது ஆணி எங்கே?

வண்டியின் அத்தனை பெட்டியும் போய் முடிந்தது.

ஏரிக்கரையிலதான்கா.
எவ்வளவு இழுத்தும் வரல.
நிலனும் சேர்ந்து இழுத்துப் பார்த்தான்.
இருட்டிட்டு வந்துச்சு, விட்டுட்டேன்.

அவள் பேசி முடிக்கும்வரை
சைக்கிளிலிருந்து அவிழ்த்த கயிற்றைக்
கையில் சுற்றிக்கொண்டே நின்றேன்.
காற்று ஒன்றும் அவ்வளவாக இல்லை.